முப்பத்திரண்டாவது நோட்டு

நான் தைத்த புத்தகம் பிரிந்துவிட்டது என்று இதுவரை ஒருத்தர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, வக்கீல் ஆபீஸ் கட்டுகள், முதுகு கிழிந்து நூலகத்திலிருந்து வரும் அகராதிகள் எல்லாம் எங்கள் முன்னறைக்குத்தான் வரும். முன்னறை என் பட்டறை. பின்னறை அவருடையது. நடுவில் ஒரு கதவு, அதை நாங்கள் சாத்தியதே கிடையாது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பாடப்புத்தகங்களுக்குச் செடி கொடி வரைகிறவர். வேர், தண்டு, இலையின் குறுக்குவெட்டு, விதைக்குள் சுருண்டு கிடக்கும் முளை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்து வரைந்து பாகங்களைக் குறித்த படங்களில் ஒன்றிரண்டு அவருடையதாகவும் இருக்கலாம். அது பிழைப்பு. பிழைப்பு போக, சட்டைப்பையில் அடங்குகிற ஒரு நோட்டில் மனிதர்களை வரைவார். பஸ்ஸில் வாய் திறந்து தூங்குகிறவர், ஆஸ்பத்திரி வரிசையில் காலை மாற்றி மாற்றி நிற்கிறவர், செருப்பைக் கழற்றி உள்ளே கல் தேடுகிறவர். அந்த நோட்டை நான்தான் செய்து தருவேன். கல்யாணமான வருஷம் முதல் நோட்டு. பிறகு வருஷத்துக்கு ஒன்று, ஆக முப்பத்தொன்று.

கடை நோட்டு அவருக்கு ஆகாது. ஆகாமல் போனதற்கும் நான்தான் காரணம், அப்படிப் பழக்கிவிட்டேன். தாளைக் கையில் வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்தப் பக்கம் மடிப்பு வருகிற மாதிரி வெட்டுவேன். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்தால் எட்டு ஏடு. அப்படிப் பன்னிரண்டு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் குத்தூசியால் ஐந்து துளை, அதில் மெழுகு தேய்த்த நூல். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நோட்டு மல்லாந்து படுக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் வரைகிற மனுஷன் நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியுமா? முதுகின் தலைப்பக்கம் சிவப்பு நாடா. பின்னட்டை ஓரத்தில் பென்சில் செருக ஒரு துணி வளையம். நோட்டைத் திறந்தால் அது வலது கைப்பக்கம் வந்து நிற்கும். அதே அட்டையின் உட்புறம் ரப்பர் வைக்க ஒரு சின்னப் பை. முன்னட்டையில் அந்த வருஷத்து எண்.

முதல் நோட்டின் மூன்றாம் பக்கத்திலேயே என்னை வரைந்துவிட்டார். நான் குனிந்து ஊசி கோத்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு முகவாய் ரெட்டை. இருபத்திரண்டு வயதிலேயே ரெட்டை, குனிந்தால் மூன்று. மனுஷன் கருவேப்பிலைக் காம்பின் கணுவைக்கூட விடாமல் வரைகிறவர், என் முகவாயை விடுவாரா? மூன்றையும் போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏட்டைக் கிழித்துவிட்டேன்.

கிழித்த பிறகுதான் உறைத்தது. தைத்த நோட்டில் ஒரு ஏட்டைக் கிழித்தால் அதோடு போகாது. அதே தாளின் மறுபாதி மடிப்பின் அந்தப் பக்கம் இருக்கும். பிடிமானம் போனதும் அதுவும் தானாகக் கழன்று விழும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவள் நான். ஒரு மாதம் கழித்து ஒரு பஸ் கண்டக்டர் படம் தரையில் வந்து விழுந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏட்டைக் குனிந்து எடுத்தார்.

"மேஸ்திரி, தைக்கிறவங்களே கிழிச்சா நோட்டு யார்கிட்ட போய் முறையிடும்?" என்றார்.

அன்று முதல் நான் மேஸ்திரி. "இனிமே என்னை வரையக் கூடாது" என்று நானும் சொல்லிவிட்டேன்.

"சரி, வரையல. ஆனா ஒரு பந்தயம். நீ செய்யற நோட்டுல என்னைக்காவது நான் ஒரு தப்பு கண்டுபிடிச்சேன்னா, அன்னைக்கு நீ எனக்கு உக்காரணும். அசையாம. நான் போதும்ங்கற வரைக்கும்."

ஒத்துக்கொண்டேன். தோற்க மாட்டேன் என்ற திமிர்தான்.

அதிலிருந்து புது நோட்டு கொடுக்கிற நாள் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை மாதிரி நடக்கும். புது நோட்டை முதலில் திறக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். அழுத்து யந்திரத்திலிருந்து எடுத்ததும் நான் திறந்துகூடப் பார்க்காமல் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். அவர் பிரித்து, மோந்து, வெளிச்சத்தில் பிடித்து, தையல் எண்ணி, ஓரத்தை நகத்தால் நெருடி, கடைசியில் உதட்டைப் பிதுக்குவார். முப்பது தடவை தோற்றார். எனக்கு அது பெரிய சந்தோஷம் என்பதை மறைப்பானேன்.

ஐந்து மாதம் முன்னால் அவருக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் மெல்ல மெல்ல வழிக்கு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கும், விரல்கள் பாதி மடங்கியபடி இருக்கும், பென்சிலைக் கொடுத்தால் பிடிப்பது போல் பாவனை செய்து நழுவவிடும். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோ அம்மா வருவார். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வார், தட்டிலிருந்து பட்டாணி பொறுக்கச் சொல்வார்.

"வரும் சார். அவசரப்படக் கூடாது. அதுவரைக்கும் இடது கையையும் கொஞ்சம் பழக்கலாமே" என்று ஒருநாள் சொன்னார். இவர் பார்த்த பார்வையில் அந்த அம்மா அதற்குப் பிறகு இடது கை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் பந்தை அமுக்கினார். காலையில் நூறு, சாயங்காலம் நூறு. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவார். முப்பத்தொன்றாவது நோட்டில் பதினோரு பக்கம் பாக்கி இருந்தது. ஒரு நோட்டு முடியாமல் அடுத்த நோட்டைத் தொட மாட்டார், அது அவர் சட்டம். மேஜைமேல் அந்த நோட்டு கிடக்கும், நாடா பதினோரு பக்கத்துக்கு முன்னால் நின்றபடி. மேஜை துடைக்கும்போது அதைத் தூக்காமல் சுற்றித் துடைப்பேன்.

வருஷம் திரும்புகிற நேரம் வந்தது. பழைய நோட்டு முடியாவிட்டாலும் நான் முப்பத்திரண்டாவதைத் தைக்க உட்கார்ந்தேன். புது நோட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பழையதை முடிக்கிற ஆசை வரும் என்று என் கணக்கு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நாட்களில் கையில் வேலை வேண்டியிருந்தது. சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போனது.

அட்டை ஏற்றுகிற நாள். தைத்த கட்டு பக்கத்தில் முக்காலிமேல் இருந்தது, நாடா உள்ளே செருகியபடி. அட்டையை மேஜைமேல் விரித்து மைதா பசை தடவிவிட்டேன். பசை தடவினால் அப்புறம் நின்று யோசிக்க நேரம் கிடையாது, காய்வதற்குள் ஏற்றியாக வேண்டும். நான் எப்போதும் ஜன்னல் பக்கம் நின்றுதான் வேலை செய்வேன். கட்டை எடுக்கக் கையை நீட்டுகிறேன், பின்னறையில் தடாலென்று சத்தம்.

ஓடினேன். கையெல்லாம் பசை. ஓடின ஓட்டத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியில்தான் இருந்தார். தண்ணீர் டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"டம்ளர் விழுந்தா நான் விழுந்த மாதிரி ஓடி வர்ற" என்றார். வலது கையால் எடுத்துப் பார்த்திருக்கிறார், நழுவிவிட்டது. அவருக்கு அவமானம், அதைக் கோபமாக மாற்றி என்மேல் காட்டினார். தண்ணீரைத் துடைத்துவிட்டு, பசை காய்ந்துவிடுமே என்று ஓடிவந்து கட்டை எடுத்து அட்டையில் வைத்து மூடி, அழுத்து யந்திரத்தில் கொடுத்துத் திருகினேன்.

மூன்றாம் நாள் தாளில் சுற்றி அவர் மடியில் வைத்தேன்.

"முப்பத்தொண்ணே முடியல" என்றார்.

"முடியும்போது முடியட்டும். பரீட்சைய முடிங்க."

இடது கையால் பிரித்தார். முன்னட்டையைத் தடவினார். நாடாவின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். நாடா கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஏதோ தான்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்து நோட்டைத் திருப்பி, நாடா மேலே வருகிற மாதிரி வைத்துத் திறந்தார். பென்சில் வளையம் இடது பக்கம் நின்றது. ரப்பர் பையும் இடது பக்கம்.

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பின்னறையிலிருந்து ஓடிவந்தவள் மேஜையைச் சுற்றி ஜன்னல் பக்கம் போகவில்லை. கதவுப் பக்கமே நின்று ஏற்றிவிட்டேன். கட்டை என் பக்கத்துக்கு நேராகப் பிடித்தேன், அட்டையோ ஜன்னல் பக்கத்துக்கு நேராக விரித்தபடியே கிடந்தது, எனக்குத் தலைகீழ். வேலை கற்ற முதல் வாரத்தில் செய்கிற தப்பு. வெற்று நோட்டில் எழுத்து இல்லை, படம் இல்லை, மூடி வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

அவர் அந்த வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இடது கைக்குன்னு தனியா செஞ்சியா?" என்று கேட்டார்.

இல்லை, தப்பாக ஏற்றிவிட்டேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். வாய் வரவில்லை. முப்பது வருஷமாகத் தோற்றுப்போன மனுஷன் முன்னால், அதுவும் இப்படி ஒரு கத்துக்குட்டித் தப்பை எப்படி ஒத்துக்கொள்வது?

"ஆமா" என்றேன்.

அவர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். "சரி, மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். உதட்டைப் பிதுக்கவில்லை, தையல் எண்ணவில்லை.

மறுநாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விழுந்திருக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாளும் அங்கேதான் கிடந்தது. பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தார். ஒரு வாரம் கழித்து பிசியோ அம்மா என்னை வாசல்வரை அழைத்துக்கொண்டு வந்து, "வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா? சார் கைய விட்டுட்டாரே. இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதாவது, புரிய வேண்டாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை அவளுக்கு. எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பாள். அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு நோட்டோடு சமையலறைக்கு வந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாடாவ மேல வெச்சா நம்பர் பின்னாடி போய் தலைகீழா நிக்குதே."

"அப்படியா?"

"அப்படியாவா? அட்டைய மாத்தி ஏத்திட்டியா நீ?"

"மெதுவா பேசு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். குழாயை மூடினாள்.

"அப்பா என்ன சொல்றார் தெரியுமா? 'உங்கம்மா முடிவு பண்ணிட்டா, வலது கை இனிமே வராதுன்னு. டாக்டர் சொன்னாக்கூட நம்ப மாட்டேன். ஆனா அவ அளந்தா சரியாத்தான் இருக்கும், அவளுக்குத் தப்பே வராது.' இதான் சொல்றார். அதனாலதான் பந்தத் தொடல."

சோப்பு நுரையோடு நின்றேன். என் பெருமை என்று எதை முப்பது வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தேனோ அது போய் அவர் கையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் முதலில் வந்தது வெட்கம்தான்.

"நீ சொல்லிடேன்" என்றேன் மகளிடம்.

"நான் சொன்னா நம்ப மாட்டார். உன் வாயால சொல்லு. ஒரு தடவை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மகள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"அந்த நோட்டு தப்பு. அட்டைய தலைகீழா ஏத்திட்டேன். இடது கைக்குன்னு நான் ஒண்ணும் செய்யல."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இவ சொல்லிக் குடுத்தாளா?"

"சத்தியமா தப்பு. டம்ளர் விழுந்த அன்னைக்கு. ஓடி வந்துட்டுத் திரும்பிப் போய் கதவுப் பக்கமே நின்னு ஏத்திட்டேன்."

"மேஸ்திரி, என்னைத் தேத்தறதுக்காக உன் பேர நீயே கெடுத்துக்காத. அன்னைக்குக் கேட்டேனே, ஆமான்னு சொன்னியே."

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரல."

"என்மேல பரிதாபப்பட்டேன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

வந்ததுதானே. நோட்டை எடுத்து நாடாவையும் எண்ணையும் காட்டினேன். "பாருங்க, நம்பர் தலைகீழா நிக்குது. வேணும்னு செய்யறவ நம்பர இப்படியா போடுவா?"

"நீ போடுவ. நான் கண்டுபிடிச்சு ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னு போடுவ. நீ கெட்டிக்காரி."

முப்பது வருஷம் என் தப்பைத் தேடித் தேடி அலைந்த ஆள், தப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அழ வேண்டிய இடத்தில் கோபப்படுவது என் சுபாவம்.

"இரக்கப்பட்டு வேலையக் கெடுக்கறவளா நான்? இருங்க" என்று முன்னறைக்குப் போய், கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துணியும் தாள் மடிக்கிற எலும்புத் துண்டும் எடுத்துவந்தேன். மேஜைமேல் நோட்டை வைத்து, எண் போட்ட அட்டையைத் திறந்து, அதன் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் ஈரத் துணியை விரித்தேன்.

"ஏய், கிழிக்காத" என்றார்.

"கிழிக்கல. உரிக்கறேன். உள்ள முதுகையும் அட்டையையும் சேத்து ஒட்டின வலைத்துணி இருக்கு, அது பிடிச்சுக்கும்."

மைதா பசை ஈரம் பட்டால் விட்டுக்கொடுக்கும். எலும்பின் நுனியை மூலையில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். என் சொந்த வேலையை நானே உரிப்பது அதுதான் முதல் தடவை. தாள் முழுசாக வந்தது. அடியில் சாம்பல் நிற அட்டை. அதன்மேல் பென்சிலால் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் என் கையெழுத்தில் 'மேல்' என்று ஒரு வார்த்தை. அம்பு காட்டிய பக்கம் நாடா இல்லை. நாடா நேர் எதிர்ப் பக்கம் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"அட்டைய வெட்டினதும் போடுவேன். எது மேல்னு மறந்துடக் கூடாதுன்னு. அப்புறம் தாள் ஒட்டினா மறைஞ்சு போயிடும்."

"எல்லா நோட்டுலயும் இருக்கா?"

"முப்பத்தொண்ணுலயும் இருக்கு. ஒவ்வொண்ணா உரிச்சுக் காட்டட்டுமா?"

"உனக்கு எதுக்கு இது? உனக்குத்தான் தப்பே வராதே."

"வந்துடுமோன்னு பயந்துதான். ஒவ்வொரு தடவையும் பயம்தான். அம்பு போட்டுட்டு, ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் ஏத்துவேன். அன்னைக்குப் பாக்கல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூட. சொல்லி முடித்ததும் ஏதோ சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டது போல மூச்சு வந்தது.

அவர் அந்த அம்பை இடது கை விரலால் தொட்டார். "அப்ப, என் கை வராதுன்னு நீ முடிவு பண்ணல?"

"நான் யாரு முடிவு பண்ண? ஒரு டம்ளர் விழுந்த சத்தத்துக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாம போனவ நான்."

அவர் முகம் கோணியது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். கை விழுந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. மகள் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப தப்பு நிஜம்."

"நிஜம்."

"ஒத்துக்கிட்ட."

"ஒத்துக்கிட்டேன்னு எழுதியா தரணும்?"

"எழுத வேண்டாம். உக்காரு."

எனக்கு அப்போதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. தப்பிக்கப் பார்த்தேன். "முப்பத்தொண்ணு முடியாம முப்பத்திரண்டத் தொட மாட்டீங்களே. உங்க சட்டம் என்னாச்சு?"

உரித்த இடத்தைக் காட்டினார். "இது பக்கமா? இது அட்டை. கணக்குல வராது."

அட்டை ஈரமாக இருந்தது. காயட்டும் என்றேன். மகள் அதைத் தூக்கிப்போய் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு டீ போட்டாள். அந்த நேரத்தில் நான் தலை வாரிக்கொண்டேன், புடவையை மாற்றலாமா என்று யோசித்தேன், அதை மகள் பார்த்துவிட்டாள்.

"பொண்ணு பாக்கவா வர்றாங்க? அப்படியே உக்காரும்மா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டு காய்ந்து வந்தது. அவர் அதை மடியில் வைத்து, வலது கையை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார், நோட்டு நழுவாமல் இருக்க. இடது கை தானாகப் போய் இடது பக்க வளையத்திலிருந்து பென்சிலை உருவியது. எடுத்த பிறகுதான் அதைக் கவனித்தார் போலிருக்கிறது. ஒரு நொடி பென்சிலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முகவாயத் தூக்காத."

"தூக்கல."

"தூக்கற."

எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. கழுத்து வலித்தது. ஒரு கோடு போட அவருக்கு முன்பு தும்முகிற நேரம்கூட ஆகாது. இப்போது பென்சில் அட்டையைத் தொடுவதற்கே நேரமெடுத்தது, தொட்டாலும் நேராகப் போகாமல் வழியில் எங்கெங்கோ இறங்கி ஏறியது. நெற்றியில் வேர்த்தது. நாக்கு நுனி வெளியே வந்து நின்றது. நான் அசையவில்லை. என்னை ஒருத்தர் இவ்வளவு நேரம் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வரையக் கூடாது என்று தடுத்தவள் நான்தானே.

"போதும்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

காது தோளில் இருந்தது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. மூக்கை அவர் முயற்சியே பண்ணவில்லை. ஆனால் கழுத்துக்கு மேலே, நடுங்கிய இரண்டு கோடு, ஒன்றின்கீழ் ஒன்றாக, அச்சு அசலாக என் முகவாய். ரெண்டும் இருந்தது. அந்த அம்புக்குறி என் தலைக்குப் பக்கத்தில் கீழ் நோக்கி நின்றது, 'மேல்' என்பது தலைகீழாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை கோபம் முந்திக்கொள்ளவில்லை.

"நல்லா இல்லன்னா கிழிச்சுடலாம்" என்றார்.

"அட்டையப் போய் எப்படிக் கிழிக்கறது?" என்றேன்.

மறுநாள் காலையில் பந்தை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அவரே குனிந்து துழாவுகிற சத்தம் முன்னறைவரை கேட்டது. ஓடவில்லை. கையில் பிடித்த ஊசியோடு அப்படியே நின்று கேட்டேன். இப்போது வலது கை ஒரு பட்டாணியைப் பொறுக்குகிறது, சில நாள் இரண்டு. எழுதுமா வரையுமா என்று பிசியோ அம்மாவும் சொல்லவில்லை, நானும் அளக்கவில்லை. முப்பத்தொன்றாவது நோட்டின் பாக்கிப் பக்கங்களில் இடது கையால் நாலு ஆகிவிட்டது. இன்னும் ஏழு.

உரித்த தாளை ஒட்டிவிடலாம் என்று அந்த வாரமே பசை கிண்டினேன். "ஒட்டிடவா? உள்ள போயிடும், யாருக்கும் தெரியாது" என்று கேட்டேன்.

"உன் இஷ்டம், மேஸ்திரி" என்றார்.

தூரிகையைத் தோய்த்துக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்தப் பசையை நூலகத்து அகராதிக்குத் தடவினேன்.

முப்பத்திரண்டாவது நோட்டு முன்னறை மேஜையில்தான் இருக்கிறது, தன் முறைக்குக் காத்துக்கொண்டு. வேலை கொடுக்க வருகிற பிள்ளைகள் அதை எடுத்துப் புரட்டுவார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு நாடாவைப் பார்ப்பார்கள், அட்டையைத் திறந்து தொங்குகிற தாளைத் தூக்கிப் பார்ப்பார்கள், அடியில் என் முகவாய் இருக்கும்.

"அக்கா, இது ஒட்டாம விட்டுப் போயிருக்கே. அட்டையும் தலைகீழா இருக்கு" என்பார்கள்.

"ஆமா, அது என் தப்பு" என்று சொல்கிறேன். சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.